தண்ணி ஊத்தினவர்

இல்ல தம்பி, வரமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? உட்காருங்கன்னுதானே சொல்றேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. பஞ்சு ஒட்டியிருக்கும், தட்டிட்டு உட்காருங்க. மெத்தை தைக்கிற கடைக்கு வெள்ளைச் சட்டையோட வந்தா, திரும்பிப் போறப்ப செம்மறி ஆடு மாதிரிதான் போகணும்... ச்சே. மன்னிச்சுக்கங்க. அத்தாவைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிற பிள்ளைகிட்ட பேசுற பேச்சா இது? இந்த வாய் இருக்கே, இதுக்குத் தனியா ஒரு பூட்டு வாங்கிப் போடணும்.

அவசரம் ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில பேப்பர் எல்லாம் முடிச்சு மய்யித்தை வீட்டுக்குக் கொண்டுவர பன்னெண்டு ஆயிடும்னு உங்க சாச்சா போன்ல சொன்னார். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். இப்ப மணி பத்தரைதான் ஆகுது. காலையில தொழுதுட்டு எழுந்திரிக்கிறேன், மைக்குல உங்க அத்தா பேரைச் சொல்றாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கடையைத் திறந்து வச்சிட்டு சும்மா உட்கார்ந்திருக்கேன். நீங்க வருவீங்கன்னு தெரியும். ராத்திரியெல்லாம் பஸ்ல வந்தீங்களாம். டீ வேணாமா? சரி.

பையைப் பாக்குறீங்க. ஆமா, அதேதான். கையுறை, கத்திரி, கர்ப்பூரம், சோப்பு, அத்தர், எல்லாம் அதுலதான் இருக்கு. எப்பவும் ரெடியாவே இருக்கும். நீங்க வாசல்ல நின்னு சலாம் சொன்னதும் என் கை தானா பையைத் தூக்கிடுச்சு, பாத்திருப்பீங்க. பதினோரு வருஷப் பழக்கம். இந்த ஊர்ல எந்த ஆம்பளை மௌத்தானாலும், மய்யித்தைக் குளிப்பாட்ட மெத்தைக்கடை பாயைக் கூப்பிடுங்கன்னுதான் சொல்வாங்க. உங்க சாச்சாவும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருப்பார். தூக்கின பையை ஏன் கீழ வச்சேன்னு யோசிக்கிறீங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கை குடுங்க.

அந்த மூலையில படுத்திருக்கான் பாருங்க, அவனைத் தூக்கி இந்தப் பலகையில போடணும். பயந்துடாதீங்க, பொம்மைதான். நான் தைச்சது. வெளிய சோபா ரெக்ஸின், உள்ள பழைய மெத்தைப் பஞ்சு. ஆள் உயரம். கை கால் மடங்கற மாதிரி மூட்டுக்கு மூட்டு தையல் விட்டிருக்கேன். குளிப்பாட்டறது எப்படின்னு பள்ளிவாசல்ல வகுப்பு எடுக்கறதுக்காகத் தைச்சேன். முதல் நாள் கூத்தைக் கேக்கணுமே. தையல் ஓட்டைக்கு அடைப்பு குடுக்க மறந்துட்டேன். மூணு தடவை தண்ணி ஊத்தறதுக்குள்ள அத்தனை பஞ்சும் உறிஞ்சிடுச்சு. திருப்பிப் படுக்க வைங்கன்னு சொன்னா ஆறு பேரால அசைக்க முடியல. ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துட்டார். உங்க அத்தா அப்பவும் முகத்தை மாத்தாம குவளையோட குனிஞ்சு, பொம்மை காதுகிட்டப் போய், தண்ணி சூடு போதுமாங்கன்னு கேட்டார். பள்ளியே சிரிச்சுது.

ஆமா, உங்க அத்தாதான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் குளிப்பாட்டுவேன், தண்ணி ஊத்தறது உங்க அத்தா. முதல் ஒம்பது வருஷமும் அவர்தான். உங்களுக்குத் தெரியாதா? நிஜமாவே தெரியாதா? வீட்டுல சொன்னதே இல்லையா?

பாத்தீங்களா. இதுதான் அவர்.

அப்ப ஈரக் கைலியோட வீட்டுக்கு வர்றப்ப என்ன சொல்வார்? தொட்டி கழுவினோம்னா? பள்ளியில தொட்டி கழுவினோம்னு! அம்மா அதுக்குச் சத்தம் போடுவாங்களா? அடடா. நூறு பேருக்கு மேல இருக்கும் தம்பி, அவர் தண்ணி ஊத்தினது. வீட்டுல பொண்டாட்டி பிள்ளைக்குத் தெரியாது. நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? குளிப்பாட்டிட்டு வந்தா வாசல்லயே நின்னு, ஏம்மா, இன்னிக்கு ஒரு மய்யித்து, ரொம்ப லேசாப் போச்சுன்னு தெரு கேக்கற மாதிரி சொல்வேன். என் வீட்டம்மா மூஞ்சியைச் சுளிச்சிக்கிட்டு, முதல்ல போய்க் குளிங்கன்னு துரத்துவா.

இங்க வாங்க, பொம்மைக்கு இந்தப் பக்கம். சட்டைக் கையை மடிச்சிக்கங்க. எதுக்கா? சும்மா தெரிஞ்சு வச்சுக்கங்க, பெத்தவருக்குத்தானே. முதல்ல துணி. தொப்புள்ல இருந்து முட்டி வரைக்கும். இந்தத் துணி கடைசி வரைக்கும் விலகக்கூடாது. உடுப்பை எல்லாம் இதுக்கு அடியிலதான் கழட்டணும், சுத்தம் பண்றதும் இதுக்கு அடியிலதான். உங்க கை போகலாம், கண்ணு போகக்கூடாது. வயித்தை லேசா அமுக்கணும். இவ்வளவு அழுத்தமா இல்ல, தூங்குற குழந்தையைத் தட்டிக் குடுக்கற மாதிரி. அப்புறம் நாம தொழுகைக்கு முகம் கை கால் கழுவி ஒளு செய்யற மாதிரியே அவருக்கும் செஞ்சு விடணும். அதுக்கப்புறம் தலை, தாடி. அப்புறம் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம். இப்படி மூணு தடவை. கடைசித் தண்ணியில கர்ப்பூரம் கலந்துக்கணும். திருப்பறப்ப தோளையும் இடுப்பையும் பிடிங்க, கையைப் பிடிச்சு இழுக்கக்கூடாது. ஆமா, அப்படித்தான். உங்களுக்குக் கை பக்குவமா வருது.

வகுப்புல இதெல்லாம் சொல்லி முடிச்சிட்டு, கடைசியா ஒண்ணு சொல்வேன். அதைச் சொல்றப்ப எழுந்து நின்னுக்குவேன். இந்தத் துணிக்கு அடியில எதைப் பாத்தாலும், தழும்போ, நோயோ, எதுவா இருந்தாலும், அது மண்ணுக்குள்ள அவரோட போகணும். நம்ம வாய் வழியா வெளிய வரக்கூடாது. அடுத்தவன் குறையை மூடினவனோட குறையை அல்லாஹ் மூடுவான். அப்படின்னு சொல்லிட்டு ஒவ்வொருத்தர் முகமா பார்த்து, சத்தியம் பண்ணுங்கன்னு கேப்பேன். எல்லாரும் பண்ணுவாங்க. உங்க அத்தா மட்டும் குவளையைக் கழுவிக்கிட்டு இருப்பார். அவர் சத்தியம் எல்லாம் பண்ணினதா எனக்கு ஞாபகம் இல்ல.

எனக்குப் பேச்சு நல்லா வரும் தம்பி. மறைச்சு என்ன, அதுல ஒரு போதையே உண்டு. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னாடி கால் மணி நேரம் பயான் பண்ணச் சொல்வாங்க. தொழ வைக்கிற ஹஜ்ரத் பேசினா வாட்சைப் பாக்குறவங்க, நான் பேசினா பாக்க மாட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை, இதே தலைப்பு. குறையை மறைப்பது.

அதுக்கு முந்தின வாரம் ஒருத்தரைக் குளிப்பாட்டியிருந்தோம். யாருன்னு சொல்ல மாட்டேன். இந்த ஊர்ல உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும், நீங்க ஒருத்தராவது தெரியாம இருங்க. அவர் உடம்புல ஒண்ணைப் பாத்தோம். என்ன பாத்தோம்னும் கேக்காதீங்க. அவர் சின்ன வயசுல எங்கேயோ தடுமாறி விழுந்து எழுந்திருச்சு வந்திருக்கார், அது அந்த உடம்புல எழுதியிருந்துச்சு. அவ்வளவுதான். நான் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன். உங்க அத்தா என்னைப் பாக்கவே இல்ல. துணியைக் கொஞ்சம் மேல இழுத்து அந்த இடத்தை மூடிவிட்டார். தண்ணியை மெதுவா ஊத்தினார். வேலை முடிஞ்சுது. நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கவே இல்ல.

பயான்ல நின்னேன். ஆரம்பிச்சேன். கூட்டம் அன்னிக்கு என்னவோ சரியா ஒட்டல. வெயில் வேற. பின்னாடி ரெண்டு பேர் கொட்டாவி விடுறது தெரியுது. எனக்குக் கொட்டாவியைப் பாத்தா ஆகாது. அப்ப வாய்ல வந்துச்சு. போன வாரம் ஒருத்தரைக் குளிப்பாட்டினேன், அவர் உடம்புல இப்படி ஒண்ணு இருந்துச்சு, நாப்பது வருஷமா அல்லாஹ் அதை யாருக்கும் காட்டாம மூடி வச்சான், பாருங்க அவனோட கருணையைன்னு சொல்லிட்டேன்.

சிரிக்கிறீங்களா? இல்ல, சிரிக்கலாம். மறைச்சு வச்சான் பாருங்கன்னு திறந்து காட்டியிருக்கேன். இதை எனக்கு நானே கண்டுபிடிக்க எத்தனை நாளாச்சு தெரியுமா?

பேரைச் சொல்லல. அதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், பேரைச் சொல்லல, பேரைச் சொல்லலன்னு. ஆனா பேச்சுக்கு ஒரு சுவை வேணுமில்ல? ஒரு சின்ன அடையாளம் சொன்னேன், அவர் உடுத்துற விதத்தைப் பத்தி. அதுவும் போன வாரம்னு வேற சொல்லியாச்சு. போன வாரம் இந்த ஊர்ல எத்தனை பேர் மௌத்தானாங்க? ஒருத்தர்தான்.

பள்ளி அப்படியே அமைதியாயிடுச்சு. ஊசி விழுந்தா கேக்கும். ரெண்டாவது வரிசையில அவர் மகன் உட்கார்ந்திருந்தான். உங்க வயசுதான் இருக்கும். தலையைக் குனிஞ்சிக்கிட்டு, தோள் குலுங்குது. நம்ம பேச்சு பிள்ளையை உருக்கிடுச்சுன்னு நினைச்சேன் தம்பி. அவனைப் பாத்துக்கிட்டே இன்னும் கொஞ்சம் உருக்கமா பேசினேன். பிள்ளைங்களுக்கே தெரியாத விஷயம் அது. அவன் தன் அத்தாவைப் பத்தி என் வாயால, ஊரோட சேர்ந்து, மைக்குல கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்.

வெளிய வந்ததும் ஒருத்தர் கையைப் பிடிச்சிக்கிட்டு, பாய், இன்னார்தானேன்னு காதுல கேட்டார். நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பை இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. இல்லன்னு ஒரு பொய்யாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

யாரோ போன்ல பதிவு பண்ணி எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. எனக்கும் வந்துச்சு. இதோ இந்த மிஷின்ல உட்கார்ந்து தைச்சிக்கிட்டே மூணு தடவை போட்டுக் கேட்டேன். எங்க நிறுத்தினேன், எங்க குரல் இறங்கிச்சுன்னு ரசிச்சு ரசிச்சுக் கேட்டேன். வெக்கமா இருக்கு உங்ககிட்டச் சொல்ல. என் வீட்டம்மா சாப்பாடு கொண்டுவந்து வச்சவ, கொஞ்ச நேரம் நின்னு கேட்டா. கேட்டுட்டு, அந்த வீட்டுலயும் போன் இருக்கும்லன்னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்குக் கோபம் வந்துச்சு. உனக்கு என்ன தெரியும் மார்க்கம்னேன்.

நாலு மாசம் பத்து நாள் கழிச்சு, புருஷன் போனவங்க வீட்டோட இருக்கற இத்தா முடிஞ்சதும், அன்னிக்குக் குளிப்பாட்டினவரோட வீட்டம்மா இங்க வந்தாங்க. மகன் வாசல்ல நின்னுட்டான், உள்ள வரல. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இதே ஸ்டூல்லதான் உட்கார்ந்தாங்க. சண்டை போடுவாங்கன்னு நினைச்சு, பதில் எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன். அந்தம்மா சத்தமே போடல. கல்யாணமாகி அதை எனக்குக் காட்டறதுக்கு அவருக்கு ஆறு வருஷம் ஆச்சு பாய், நீங்க ஒரே வெள்ளிக்கிழமையில ஊருக்கே காட்டிட்டீங்கன்னாங்க.

அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான் பேரைச் சொல்லலியேம்மான்னேன்.

அப்பவும் அதையேதான் சொன்னேன். அந்தம்மா சரி பாய்னு சொல்லிட்டு எழுந்திருச்சாங்க. தெரு முனை வரைக்கும் போயிட்டாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. செருப்புகூடப் போடாம பின்னாடியே ஓடினேன், மன்னிச்சிடுங்கம்மான்னு. நான் எப்படி பாய் மன்னிக்கிறது, மன்னிக்க வேண்டியவர் அவராச்சேன்னாங்க. மகன் அம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அவர்கிட்ட எப்படிக் கேக்குறது? அவரை அடக்கின கபருக்குப் போய் நின்னேன். துஆ கேட்டேன். மேடையில அருவியாக் கொட்டுற வாய், அங்க ஒரு வார்த்தை ஒழுங்கா வரல.

அதோட நிறுத்தியிருந்தா நானும் மனுஷன்தான். நிறுத்தல. அதுக்கு அப்புறமும் நாலு வகுப்பு எடுத்தேன். எழுந்து நின்னு, துணிக்கு அடியில பாத்தது மண்ணுக்குள்ள போகணும்னு சொன்னேன். சத்தியம் பண்ணுங்கன்னு கேட்டேன். அவங்களும் பண்ணினாங்க. சொன்னதைச் செய்யாதவன் மேல அல்லாஹ்வுக்கு எவ்வளவு வெறுப்புன்னு அதுலயே ஒரு தடவை பேசினேன். எப்படி வாய் வந்துச்சுன்னு கேளுங்க. வந்துச்சு தம்பி. வாய்க்கு என்ன, அது யாருக்கு வேணும்னாலும் வரும்.

உங்க அத்தா அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் தண்ணி ஊத்த வரல. கேட்டா இடுப்பு வலின்னார். குவளை தூக்க முடியலன்னார். நானும் இடுப்பு வலின்னே நம்பிக்கிட்டேன், அதுதான் எனக்கு வசதியா இருந்துச்சு. ஆனா அவர் பள்ளிக்கு வர்றதை நிறுத்தல. என் பக்கத்துல வந்து நிப்பார், சலாம் சொல்வார், பிள்ளைங்க நல்லா இருக்காங்களான்னு கேப்பார். ஒரு நாள்கூட, ஏன் பாய் அப்படிப் பேசினீங்கன்னு கேக்கல. கேட்டிருக்கலாம். நான் ரெண்டு அடி வாங்கியிருந்தா எனக்கே லேசா இருந்திருக்கும்.

என்ன மணி? பதினொண்ணேகாலா? இந்தத் துக்கத்துல உட்கார வச்சு இதையெல்லாம் ஏன் சொல்றேன்னு உங்களுக்கு எரிச்சலா இருக்கும். இருக்கட்டும், பொறுத்துக்கங்க, இன்னும் ஒண்ணுதான் பாக்கி. பொம்மையை அப்படியே இடது பக்கமா ஒரு தடவை திருப்புங்க. தோள், இடுப்பு. சரி. தலை தொங்காம ஒரு கை குடுக்கணும். ரொம்பச் சரி.

போன மாசம் வந்திருந்தார் இங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்றப்ப நாலு மணி நேரம் சாய்ஞ்சு கிடக்கணுமாம், கழுத்து வலிக்குதாம். ஒரு சின்னத் தலையணையைக் கொண்டுவந்து, பஞ்சு மாத்திக் குடுங்கன்னார். உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தார். மகன் தினமும் போன் பண்றான், சாப்பிட்டீங்களான்னு என்னைக் குழந்தை மாதிரி கேக்குறான்னு. போறப்ப வாசப்படியில நின்னு திரும்பினார். கோபமா எல்லாம் இல்ல. அன்னிக்குப் பொம்மைகிட்டத் தண்ணி சூடு போதுமான்னு கேட்டாரே, அதே குரல்தான். பாய், எனக்கு வேளை வந்தா என் மகன் குளிப்பாட்டட்டும், அவனுக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லிக்குடுக்கணும். உள்ள மட்டும் நீங்க வரவேணாம்னார்.

அழாதீங்க தம்பி. அவர் உடம்புல என்னமோ இருக்குன்னு நினைச்சிடாதீங்க. ஒண்ணுமே இல்லாம இருக்கும். அவர் பயந்தது என் கண்ணுக்கும் வாய்க்கும்தான். இந்த வஸியத்து, அவர் சொல்லிட்டுப் போன கடைசி விருப்பம், தெரிஞ்சவங்க ரெண்டே பேர், அதுல ஒருத்தர் போயிட்டார். காலையில மைக்குல கேட்டதுல இருந்து எனக்குள்ள ஓடினது என்ன தெரியுமா? மகனுக்குத் தெரியாது, பேசாமப் போயி செஞ்சிட்டு வந்துடலாம், இல்லன்னா மெத்தைக்கடை பாயை ஏன் கூப்பிடலன்னு ஊர் கேக்கும்னுதான் ஓடிச்சு. பையைத் தூக்கினேனே, அது அந்த நினைப்புலதான்.

வாங்க, கிளம்புவோம். இந்தப் பையை இனி நீங்க தூக்குங்க. தண்ணி ஊத்த சாச்சாவை வச்சுக்கங்க. பயப்படாதீங்க, ஒவ்வொண்ணா வெளிய நின்னு சொல்லிக்கிட்டே இருப்பேன், நீங்க செய்யச் செய்ய ம்னு மட்டும் சொன்னாப் போதும். குளிப்பாட்டற இடத்துல கட்டற திரை, அது நான் தைச்சதுதான். ரெட்டைத் துணி, உள்ள கனமா லைனிங் வேற குடுத்திருக்கேன். வெளிய நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. இருந்தாலும் நல்லா இழுத்து மூடிக்கங்க தம்பி.